மஞ்சள் அறையும் ஓர் ஆஸ்திரேலியப் படமும்

“…அதுக்கு நான் ஓம் எண்டுதான் சொன்னனான். வாறன் எண்டு ஆர் சொன்னது?” என்றாள் அக்கா, என் பெட்டியைப் பேருந்துப் படியில் முழங்காலால் தள்ளியபடி.

விமான நிலையத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்குள் போகும் பேருந்து அது. பல வருடங்களுக்குப் பிறகு என்னைப் பார்க்கிறாள். கட்டிப்பிடித்து ஒரு மூச்சு அழுதாள், மூக்கைத் துடைத்தாள், நான் விமானம் ஏறும்போது தொலைபேசியில் பாதியில் விட்ட கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டாள்.

கதை இதுதான். என் அக்கா றெஜினா ஒரு சின்யோராவின் வீட்டில் வேலை செய்கிறாள். சின்யோரா என்றால் எசமானியம்மா. காலையில் போய்ச் சமைத்து, கூட்டித் துடைத்து, மருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவாள். இப்போது சின்யோரா நகரத்து வீட்டைப் பூட்டிவிட்டு, பக்கத்து ஊரான பகேரியாவில் தங்கள் குடும்பத்துப் பழைய மாளிகைக்குக் குடிபோகிறார். அக்காவும் அங்கேயே தங்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டே சின்யோரா இதைக் கேட்டிருக்கிறார். அக்கா “ஸி, சின்யோரா” என்றிருக்கிறாள். ஸி என்றால் இத்தாலியில் ஆம். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஓம்.

“முகத்துக்கு நேரை இல்லை எண்டு எப்பிடியடா சொல்லுறது? நீங்கள் சொன்னது காதிலை விழுந்தது எண்டதுக்கு ஓம் எண்டன். பேந்து ஆறுதலாச் சொல்லுவம் எண்டு விட்டன்.”

“பேந்து சொன்னனீங்களே அக்கா?”

“எங்கை சொல்ல? அதுக்குள்ளை அவ எனக்கெண்டு ஒரு அறைக்குப் பெயின்ற் அடிச்சுப்போட்டா. மஞ்சள்.”

“எப்ப போகவேணும்?”

“வாற திங்கள்.”

அதன் பிறகுதான் “சாப்பிட்டனியே?” என்று கேட்டாள்.

அக்கா குடியிருப்பது பல்லரோ சந்தைக்கு மேலே. ‘மேலே’ என்று நான் சும்மா சொல்லவில்லை. அவள் சமையலறை யன்னலைத் திறந்தால் கீழே வாள்மீனின் தலை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மீன்காரர் காலையிலேயே குரலெடுத்துவிடுவார். பாட்டா, சண்டையா, ஒப்பாரியா என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்காவின் மகள் மெலனியிடம் கேட்டேன். அவள் பலெர்மோவில் பிறந்தவள். வியா மக்வேதா தெருவில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். பல் விளக்கிக்கொண்டே மொழிபெயர்த்தாள்: “‘இந்த மீன் காலமை வரைக்கும் நீந்தினது, உங்களைப் பார்க்கத்தான் கரைக்கு வந்தது, முகத்தைத் திருப்பாதேங்கோ’ எண்டு சொல்லுறார் மாமா.”

எங்கள் குருநகர் மீன்காரருக்கும் வாய் உண்டு. ஆனால் அவர் மீனைப் புகழமாட்டார், வாங்காமல் போகிறவரைத்தான் ஏசுவார். இரண்டிலும் வியாபாரம் நடக்கிறது.

சந்தையில் என்னை வளைத்துப்போட்டது பனெல்லே. கடலை மாவைக் களி கிண்டி, வில்லையாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். கடித்தவுடன் கடலை வடையின் ஒன்றுவிட்ட தம்பி என்று நாக்கு கண்டுபிடித்துவிட்டது. பொரித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதையோ சொன்னார். மெலனி சிரித்தாள். “‘எலுமிச்சம்புளி விடாமல் சாப்பிடுறவனுக்குக் கலியாணம் ஆகியிருக்காது’ எண்டுறார்.” எனக்குக் கலியாணம் ஆகவில்லைத்தான். எலுமிச்சம்பழத்தை வாங்கிப் பிழிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த கடையில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, மாசிக் கருவாடு எல்லாம் கிடந்தன. அங்கேதான் சவிரி அண்ணையைச் சந்தித்தேன். மன்னார்க்காரர். கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தார். பங்குக் கோயில் மண்டபத்தில் படம் போட்டால் அவர்தான் ‘வாய்’ என்று அக்கா அறிமுகப்படுத்தினாள்.

இந்த ‘வாய்’ பலெர்மோத் தமிழரின் ஏற்பாடு. இத்தாலியப் பங்குக்காரர் அவ்வப்போது வெளிநாட்டுப் படங்கள் போடுவார்கள். கீழே இத்தாலி எழுத்து ஓடும். எங்கள் ஆட்கள் இத்தாலி கதைப்பதில் கெட்டிக்காரர். ஆனால் ஓடுகிற எழுத்தைத் துரத்திப் பிடிக்கிற வயது பலருக்குத் தாண்டிவிட்டது. ஆகவே வலப்பக்கக் கதிரைகள் தமிழருக்கு. அங்கே ஒருவர் சின்ன மைக்கைப் பிடித்துக்கொண்டு கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். இடப்பக்கத்து இத்தாலியர்களுக்கு அது இப்போது பழகிவிட்டதாம்.

“தம்பி, தொண்டை கட்டிப்போச்சு,” என்று சவிரி அண்ணை காற்றாகப் பேசினார். “ஞாயிற்றுக்கிழமைப் படம் உம்மடை ஊர்ப் படமாம். அவுஸ்திரேலியா. கறுப்புச் சனத்துக்குச் செய்த அநியாயமாம். நீர் ஒருக்காச் சொல்லுறீரே?”

“ஓம் அண்ணை,” என்றேன். இன்னொரு சொல் சேர்ப்பதற்குள் அவர் கருவாட்டோடு போய்விட்டார்.

“மாமா, நீங்களுமே?” என்றாள் மெலனி. “இது எங்கடை குடும்ப வியாதி.”

மெலனி படத்தின் பெயரைச் சொன்னதும் எனக்கு உள்ளூரப் புளுகம், ஒரே சந்தோசம். நான் இருப்பது நடு ஆஸ்திரேலியாவில், பெயரைச் சொன்னால் சிட்னிக்காரரே வரைபடத்தைத் தேடுகிற ஒரு செம்மண் ஊரில். அங்கே பஸ் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடம் இடையிலே நின்றுபோனது. மிச்சம் படித்ததெல்லாம் பஸ்ஸில் ஏறுகிறவர்களின் வாயிலிருந்துதான். அந்தப் படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. நாவலை எழுதியவர் அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்மணி. தரிப்பிடங்களில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, மடியில் அகராதி வைத்து, அதை முழுதாக வாசித்திருக்கிறேன். படம் பிடித்ததும் எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். அதைவிடப் பெரிய சங்கதி, என்னோடு டிப்போவில் பஸ் ஓட்டும் றோய் அதில் நடித்திருக்கிறார். அவரும் பூர்வகுடி மனிதர். நீதிமன்றக் காட்சியில் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவருடைய முதுகுதான் தெரியும்.

“புத்தகத்தில் நான் இல்லை, படத்தில் இருக்கிறேன். ஆகவே படம்தான் நல்லது” என்பது றோயின் விமர்சனம்.

நாவலின் கதை பெரிதல்ல. ஹெக்டர் என்ற பூர்வகுடி மனிதர் மாட்டுப் பண்ணையொன்றில் வேலை செய்கிறார். ஒருநாள் பண்ணையின் கொட்டகை எரிந்துபோகிறது. அவர் அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர். ஆனால் பொலிஸ்காரர் கேட்கிற கேள்விக்கெல்லாம் “ஆம் ஐயா” என்று சொல்லிவிடுகிறார். சிறைக்குப் போகிறார். வாசித்த நாளில் றோயிடம் கேட்டேன், செய்யாததை ஏன் செய்தேன் என்கிறார் என்று.

றோய் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “வெள்ளைக்காரன் ஒரே கேள்வியை மூன்றாம் தரம் கேட்டால், முதலில் சொன்ன இரண்டு பதிலும் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். என் அப்பாவின் காலத்து ஆட்கள் அவனுக்குப் பிடித்த பதிலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பார்ப்பார்கள். சில பேர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.”

வெள்ளிக்கிழமை சின்யோரா எங்களைப் பகேரியாவுக்கு வரச் சொன்னார், அறையைப் பார்க்க. போகும்போது ரயில். பாதி வழியில், ஒரு எலுமிச்சந் தோட்டத்தின் அருகே, காரணம் சொல்லாமல் நின்றது. யாரும் பதறவில்லை. எதிரே இருந்த அம்மா பையைத் திறந்து தோடம்பழம் உரித்து எங்களுக்கும் சுளை கொடுத்தார். “ரயில் நின்றால்தான் மனிதர் பேசுகிறார்கள்” என்றார். பேசினார். தன் மருமகளைப் பற்றி. ரயில் புறப்பட்டபோது எனக்கு அந்த மருமகள் மேல் பாவமாக இருந்தது.

பகேரியாவில் பழைய மாளிகைகள் மதிலோடு மதிலாக நிற்கின்றன. ஒன்றின் மதிலில் கூன் விழுந்த கற்பூதங்கள் வரிசையாகக் குந்தியிருந்தன, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆட்களைப்போல. சின்யோராவின் மாளிகையில் பூதம் இல்லை. காரை உதிர்ந்த படிக்கட்டும் ஒரு பெரிய அத்திமரமும் இருந்தன. சின்யோரா மெலிந்த, சிரித்த முகமுள்ள மனிசி. என் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, “றெஜினா என் வலது கை” என்றார். வலது கையை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

அறை நல்ல அறை. அதுதான் பிரச்சினை. மஞ்சள் சுவர், வெள்ளைத் திரை, யன்னலுக்கு வெளியே கடலின் ஒரு துண்டு. கட்டிலுக்கு மேலே அந்தோனியார் படம் ஒன்று. அக்கா அந்தோனியாரிடம் நேர்த்தி வைக்கிறவள் என்று சின்யோரா எங்கோ தேடி வாங்கியிருக்கிறார்.

“பிடித்திருக்கிறதா, றெஜினா?”

“ஸி, சின்யோரா.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அந்தோனியாரைப் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ். ஒழுங்கை ஒன்றில் யாரோ ஒருவர் தன் குட்டிக் காரைக் குறுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். எங்கள் பஸ்ஸால் திரும்ப முடியவில்லை. சாரதி ஹோனில் கையை வைத்துக்கொண்டே பத்திரிகையை விரித்தார். “அவன் அத்தையைப் பார்க்கப் போயிருப்பான், அத்தை கோப்பி கொடுக்காமல் விடமாட்டாள்” என்றார் ஒரு கிழவர், அந்தக் குடும்பத்தையே தெரிந்தவரைப்போல. பிறகு இளைஞர்கள் இறங்கினார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் காரைத் தூக்கி, சுவரோரமாக வைத்தார்கள். பஸ் கைதட்டியது. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் நான் மூன்று படிவம் நிரப்பவேண்டும்.

அந்தக் கைதட்டலுக்குள் அக்காவிடம் கேட்டேன், ஏன் இன்றைக்கும் சொல்லவில்லை என்று.

“சொன்னால் வேலை போகும். இந்த வயதிலை புது வேலை ஆர் தருவினம்?” என்றாள். “சொல்லாட்டி என்ரை வீடு போகும். கோயில், பாட்டுக்குழு, மெலனி… கீழை அந்த மீன்காரன்ரை சத்தம்கூட இல்லாமல் எனக்கு விடியாது. நல்ல மனிசியடா அவ. கெட்டவ எண்டால் எப்பவோ சொல்லியிருப்பன்.”

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபம் நிறைந்தது. இடப்பக்கம் இத்தாலியர். முன்வரிசையில் சின்யோரா. அக்கா கூடமாட வேலை செய்யும் கோயில் விழா ஒன்றையும் அவர் தவறவிடுவதில்லையாம். வலப்பக்கம் நாங்கள். அக்கா பின்னால், தேநீர் மேசையில் றோல்ஸ் அடுக்கிக்கொண்டு நின்றாள்.

விளக்கு அணைந்தது. மைக்கைப் பிடித்து, “ஹெக்டர் என்பவர் குதிரையில் வருகிறார்” என்று தொடங்கினேன்.

“நல்லவனோ கெட்டவனோ, அதை முதல் சொல்லு!” என்றது ஒரு குரல்.

“போகப் போகத் தெரியும்,” என்றேன்.

“சவிரி அண்ணை எண்டால் முதலே சொல்லிப்போடுவார்.”

பக்கத்திலிருந்த சவிரி அண்ணை என் காதுக்குள் காற்றடித்தார். “சனம் கேக்குது, சொல்லும். சஸ்பென்ஸ் எங்களுக்குச் சரிவராது.”

நல்லவர் என்றேன். மண்டபம் ஆறுதலாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

கொட்டகை எரிந்தது. பொலிஸ் நிலையக் காட்சி வந்தது. நாவலில் இது ஒரு பக்கம்கூட வராது. வாசிக்கும்போது அதைத் தாண்டிப் போய்விட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். படத்தில் இயக்குநர் கமராவை அசைக்கவேயில்லை. மேசை, விசிறி, ஒரு ஈ. நரைத்த தலையுள்ள ஹெக்டரை, தன் மகன் வயதுள்ள பொலிஸ்காரன் “பையா” என்று கூப்பிடுகிறான். நீ கொட்டகைக்குப் போனாயா? இல்லை ஐயா. போனாயா? ஆற்றுக்குப் போனேன் ஐயா. கொட்டகைக்குப் போனாயா, பையா? ஹெக்டர் விசிறியைப் பார்க்கிறார். “ஓம் ஐயா,” என்றேன் நான், அவருக்காக.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் ஓம். நெருப்புப் பெட்டி உன்னுடையதா? ஓம் ஐயா. முதலாளி மேல் கோபமா? ஓம் ஐயா. நான் ‘ஓம்’ சொல்லச் சொல்ல வலப்பக்கத்தில் ஒரு சலசலப்பு.

“அவன் செய்யேல்லைத்தானே? நீ நல்லவன் எண்டனி!”

“செய்யவில்லை,” என்றேன்.

“பேந்து ஏன் ஓம் எண்டுறான்?”

“மரியாதைக்கு,” என்றாள் முன்னாலிருந்த ஒரு பெண், திரும்பாமலே. “எனக்கு விளங்குது. நானும் ஒரு டொக்டரிட்டை இப்பிடித்தான். பால் ஒத்துவராதோ எண்டார். ஓம். முட்டை? ஓம். மீன்? ஓம். அவர் ஆறுதலாக் கேக்க, நான் எப்பிடி இல்லை எண்டுறது? இப்ப சாப்பிடலாம் எண்டு அவர் எழுதித்தந்த துண்டிலை தண்ணியைத் தவிர ஒண்டும் மிச்சமில்லை.”

வலப்பக்கம் குலுங்கியது. சவிரி அண்ணை தொண்டையையும் மறந்து, “பூனை பிடிக்குமோ எண்டு வீட்டுக்காரன் கேட்டான், ஓம் எண்டன், இண்டைக்கு வரைக்கும் அவன்ரை பூனையளுக்கு நான்தான் சோறு” என்றார். இத்தாலியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் சிறைக் கதவு சாத்தப்பட்டது. ஹெக்டர், சாத்தியவனுக்கு நன்றி சொன்னார். நாங்கள் சிரித்த வாய் அப்படியே நின்றது.

பின்பாதி நீதிமன்றம். றோயின் முதுகு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. “அந்தா, மூண்டாம் வரிசை முதுகு, அது என்ரை சினேகிதன்ரை!” மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் நீதிபதி சொன்ன இரண்டு வசனம் போய்விட்டது. அவை என்னவென்று இன்றுவரை பலெர்மோத் தமிழருக்குத் தெரியாது.

ஹெக்டருக்காக வாதாட வந்த வழக்கறிஞர் கடைசியில் ஒரு வேலை செய்கிறார். கொட்டகைக்குப் போனீர்களா? ஓம் ஐயா. ஆற்றுக்குப் போனீர்களா? ஓம் ஐயா. இந்த நீதிமன்றத்தைக் கட்டியது நீங்கள்தானா? ஓம் ஐயா. இங்கிலாந்து ராணியைக் கலியாணம் கட்டியது? ஹெக்டர் சற்றுத் தயங்குகிறார். “ஓம் ஐயா.” திரையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நாவலில் ஹெக்டர் சிறையிலேயே முடிந்துபோகிறார். படத்தில் விடுதலையாகி, செம்மண் தெருவில் நடந்து போகிறார். எங்கள் ஊரில் பார்த்தபோது எனக்கு இயக்குநர் மேல் கோபம். புத்தகத்துக்குச் செய்த துரோகம் என்று றோயோடு வாதாடியிருக்கிறேன். பலெர்மோவில், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தனை பேர் நடுவே மைக்கோடு இருந்தபோது, அந்த மனிதர் வெளியே வந்தது நல்லதுதான் என்று பட்டது. புத்தகம் உண்மையைச் சொன்னது, படம் எங்களை வீட்டுக்கு அனுப்பிவைத்தது. இரண்டும் தேவைதான் போலிருக்கிறது.

விளக்கு வந்தது. சின்யோரா கைக்குட்டையோடு எழுந்து நேரே தேநீர் மேசைக்கு வந்தார். நானும் தொண்டை காய்ந்து அங்கே நின்றேன்.

“பாவம் அந்த மனிதர்!” என்றார். “இல்லை என்று ஒரே ஒரு தரம் உறுதியாகச் சொல்லியிருக்கக்கூடாதா? நீ சொல்லு, றெஜினா, ஏன் சொல்லவில்லை?”

அக்கா கோப்பையை நிரப்பினாள்.

சின்யோரா இரண்டு வாய் குடித்தார். முகம் தெளிந்தது. “சரி, நாளைக்குக் காலையில் என் தம்பி காரோடு வருவான். பெட்டி தயாராக இருக்கும்தானே?”

“ஸி, சின்யோரா.”

றோல்ஸுக்காக வரிசையில் நின்ற சனம் அசையாமல் நின்றது. டொக்டரிடம் ஓம் சொன்ன பெண் மெல்ல, “ஐயோ, அக்கா” என்றாள். மெலனி தாயைப் பார்க்கவில்லை, தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

அக்கா கேத்தலை மேசையில் வைத்தாள். கையை முன்துணியில் துடைத்தாள்.

“நோ, சின்யோரா,” என்றாள்.

சின்யோரா, கேள்வி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அதையே மெதுவாகவும் சத்தமாகவும் திரும்பச் சொன்னார். கார். காலையில். பெட்டி.

“நோ, சின்யோரா. நான் அங்கே தங்கமாட்டேன். அறை நல்ல அறை. காலையில் ரயிலில் வருவேன், பின்னேரம் ரயிலில் போவேன். இரவு என் வீட்டில்.”

இத்தாலிச் சொற்கள் ஒவ்வொன்றாக, படி இறங்குகிறவளைப்போல வந்தன. சின்யோராவின் கையில் கோப்பை சாய்ந்து தேநீர் தட்டில் வழிந்தது. அவருடைய முகத்தில் கோபம் வரப் பார்த்தது. அதற்கு முன்னால் வேறேதோ வந்துவிட்டது. திரும்பி வெறும் திரையை ஒருதரம் பார்த்தார்.

“அன்றைக்கு நீ ஸி என்றாயே, றெஜினா.”

“சொன்னேன், சின்யோரா.”

“இரவில் எனக்கு ஏதும் என்றால்?”

“அதற்கு ஒரு ஆளை இரண்டு பேருமாகத் தேடுவோம்.”

சின்யோரா கோப்பையை வைத்தார். கைப்பையை எடுத்துக் கையில் மாட்டினார். “வெதியாமோ,” என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். எதையும் முடிக்காமல் எழுந்து போவதற்கு சிசிலிக்காரர் வைத்திருக்கும் சொல் அது. பார்ப்போம் என்று சொன்னவர் பிறகு பார்ப்பதில்லை என்பது அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும்.

“நோ, சின்யோரா,” என்றாள் அக்கா. “இப்பவே கதைப்பம்.”

கடைசி வசனத்தைத் தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகு சுவரோரமாகக் கிடந்த இரண்டு கதிரைகளை இழுத்துவந்து எதிரெதிரே போட்டாள். ஒன்றைச் சின்யோராவுக்குக் காட்டிவிட்டு, அவர் இருக்கும் வரை காத்திராமல், மற்றதில் தான் முதலில் உட்கார்ந்தாள்.